மூர் நிலக் குன்றில் ஏற: சென்னையிலிருந்து செல்வோருக்கு

பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து செல்லும் சென்னைவாசிகளுக்குக் கிராமப்புறத்தில் சில நாள் தங்கும் வாய்ப்பு அமைந்தால், ஹெதர் புதர்களும் செம்மறி ஆடுகளும் தவிர வேறு துணையில்லாத மூர் நிலக் குன்று (மரங்களற்ற, ஈரமான மேட்டுநிலம்) ஒன்றில் ஏறிப் பார்க்கலாம். டெர்பிஷயரில் உள்ள கிண்டர் ஸ்கவுட்டின் உயரம் 636 மீட்டர்தான். அதன் அடிவாரக் கிராமமான ஈடேலுக்கு மான்செஸ்டரிலிருந்து ரயிலிலேயே போகலாம். பரங்கிமலைப் படிகளை நிதானமாக ஏறி முடிப்பவருக்கு இந்த உயரம் ஒரு பொருட்டல்ல. சோதிப்பவை ஈரமும் காற்றும்தான்.

ஆகவே ஜீன்ஸ் வேண்டாம். நம் ஊர் மழையில் நனைந்த துணி உடம்பிலேயே காய்ந்துவிடும். அங்கோ நனைந்த பருத்தி, காற்றோடு சேர்ந்து உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். விரைவில் உலரும் சட்டை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், வெயில் அடித்தாலும் பையில் ஒரு மழை ஜாக்கெட் என்பதே பொருத்தமான ஏற்பாடு. ஷூவை இங்கேயே வாங்கி, சில வாரங்கள் அணிந்து மாடிப்படி ஏறிப் பழகுங்கள். மெரினாவின் சமதள நடை இதற்குப் போதாது.

நேரத்தைக் கணக்கிட 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரமும் 400 மீட்டர் ஏற்றமும் என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அது ஓயாமல் நடப்பவரின் கணக்கு என்பதால், பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்வதே நமக்கு நல்லது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

மேலே சென்றபின் கண் தரையிலேயே இருக்கட்டும். ஹெதர் அடர்ந்த இடம் பெரும்பாலும் காலைத் தாங்கும். பஞ்சுபோன்ற வெண்குஞ்சம் ஆடும் புல்லும் கோரையும் தெரிந்தால் அடியில் நீர் நிற்கிறது என்று பொருள். பளிச்சென்ற பச்சைப் பாசி மெத்தை பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் கால் வைக்காதீர்கள், முழங்கால்வரை இழுத்துவிடக்கூடும். சந்தேகம் வந்தால் முதலில் கைத்தடியை ஊன்றிப் பாருங்கள். தடி வழுக்கென்று இறங்கினால் சுற்றிப் போவதே வழி.

மூடுபனி சூழ்ந்தால் கிண்டரின் தட்டையான உச்சியில் கரும்பழுப்பு மண்ணில் அரித்தோடிய பள்ளங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். குளிரில் போனின் சார்ஜ் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், பிரிட்டனின் நில வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவுகோல் கொண்ட காகித வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்க வேண்டும். இவற்றைப் பயன்படுத்தத் தெரியாதவர் தெளிவான வானிலைக்குக் காத்திருப்பதே முறை. மூடுபனி இறங்கத் தொடங்கியதும், உச்சி எவ்வளவு அருகில் இருந்தாலும், வந்த பாதையிலேயே திரும்பிவிடுங்கள். அடிபட்டால் 999-ஐ அழைத்து, போலீஸையும் அவர்கள் வழியாக மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். சிக்னல் இல்லையெனில் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுங்கள்.