எலக்ட்ரான்–ஃபோனான் கணக்கீடு: எண் வந்துவிடும், சரியா என்பதுதான் கேள்வி

மக்னீசியம் டைபோரைடு 39 கெல்வினில் மீக்கடத்தியாகிறது என்று 2001-இல் தெரியவந்தது. எலக்ட்ரான்கள் படிக அணிக்கோவையின் அதிர்வுகளோடு, அதாவது ஃபோனான்களோடு, எவ்வளவு வலுவாகப் பிணைகின்றன என்று கணக்கிடப் பழகுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் கைவைக்கிறார்கள். அலகுக்கூட்டில் மூன்றே அணுக்கள், சோதனைத் தரவுக்கும் பஞ்சமில்லை.

வேலை ஒரே ஓட்டத்தில் முடிவதில்லை. குவாண்டம் எஸ்பிரெசோ என்ற நிரல்தொகுப்பில் முதலில், எலக்ட்ரான் அடர்த்தி மாறாமல் நிலைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யும் தன்னிசைவுக் கணக்கீடு, அடுத்து அடர்த்திச் சார்பியக் குலைவுக் கோட்பாட்டின்படி ஃபோனான்கள், பிறகு முழு கே-கிரிட்டில் (எலக்ட்ரான் உந்தங்களின் சீரான வலையில்) அலைச்சார்புகள். அவற்றை வானியர்90 நிரல் வழியாக, இடத்தில் குறுகிக் குவிந்த வானியர் சார்புகளாக மாற்றி, இபிடபிள்யூ நிரலில் அடர்ந்த கிரிட்டுக்கு இடைச்செருகல் செய்து (இடையிலுள்ள மதிப்புகளைக் கணித்து), கடைசியில் மீக்கடத்தலை விவரிக்கும் எலியாஷ்பெர்க் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு நிரலும் முந்தையது எழுதிய கோப்பை அப்படியே வாங்கிக்கொள்கிறது. முதல் படியில் நடந்த தவறு கடைசிப் படியில் பிழைச்செய்தியாக வராது. மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலையில் ஒளிந்துகொண்டு வரும்.

தொடக்கத்திலேயே

மொத்த ஆற்றலுக்குப் போதுமான துல்லியம் ஃபோனானுக்குப் போதாது. ஃபோனான் என்பது ஆற்றலின் இரண்டாம் வகைக்கெழு. சிறு இரைச்சலும் அங்கே பெருகித் தெரியும். ஃபோனான் நிரலின் இயல்பான தன்னிசைவு வரம்பு 10⁻¹². அதை 10⁻¹⁴, முடிந்தால் 10⁻¹⁶ வரை இறுக்குங்கள். அதற்கு முன் நடக்கும் தன்னிசைவுக் கணக்கீட்டை 10⁻¹² ரிட்பெர்க் (ஓர் ஆற்றல் அலகு) வரை கொண்டுபோங்கள். அணுக்களின் மீதுள்ள விசை 10⁻⁴ ரிட்பெர்க்/போருக்குக் கீழும், எஞ்சிய அழுத்தம் அரை கிலோபாருக்குள்ளும் இறங்கும்வரை அமைப்பைத் தளர்த்துங்கள். வேறொருவர் வேறு சூடோபொடென்ஷியலில் (அணுக்கருவுக்கும் உள் எலக்ட்ரான்களுக்கும் பதிலாக வைக்கும் தோராய நிலையாற்றலில்) தளர்த்திய அமைப்பை எடுத்து ஃபோனான் போடுவது பரவலாக நடக்கும் தவறு. அந்த அமைப்பு உங்கள் சூடோபொடென்ஷியலுக்கு இழுவிசையிலோ அழுத்தத்திலோ இருக்கும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? பிணைப்பு வலிமையைச் சொல்லும் லாம்டாவில் ஒவ்வொரு அதிர்வின் பங்கும் அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. ஓர் அதிர்வெண் 20 சதவீதம் குறைவாக வந்தால், அந்த அதிர்வின் பங்கு 1.56 மடங்காகிவிடும். மென்மையான அதிர்வுகள் உள்ள பொருளில் லாம்டா திடீரென்று பெரிதாக வந்தால், மகிழ்வதற்கு முன் அந்த அதிர்வெண்ணை இன்னும் இறுக்கமான அளவுகளில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது ஸ்மியரிங், அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பிய மேல் எல்லையான ஃபெர்மி மட்டத்தை ஒட்டிய நிரப்பலை ஆற்றலில் சற்றுப் பரப்பிவிடுவது. 0.02 ரிட்பெர்க் என்ற மதிப்பு ஒரு உள்ளீட்டுக் கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கப்பட்டுக்கொண்டே போகிறது. அது 0.27 எலக்ட்ரான்வோல்ட், வெப்பநிலையாக மாற்றினால் சுமார் 3160 கெல்வின். மெத்ஃபெசெல்–பாக்ஸ்டன் போன்ற முறைகளில் இது உண்மையான எலக்ட்ரான் வெப்பநிலை அல்ல என்பது சரிதான். ஆனாலும் உந்த வெளியில் அந்த எல்லையான ஃபெர்மி பரப்பின் நுண்ணிய கூறுகளை அது மங்கலாக்குவது உறுதி. நியோபியம் டைசெலினைடு 33 கெல்வினுக்குக் கீழ், எலக்ட்ரான் அடர்த்தி அலைபோல் ஏறி இறங்கும் மின்னூட்ட அடர்த்தி அலை நிலைக்குப் போகிறது. பெரிய ஸ்மியரிங்கில் அந்த நிலையின்மையே தெரியாது; ஃபோனான் வளைவு அழகாக, முழுவதும் நேர்மதிப்பில் வரும். அதைப் பார்த்து ‘அமைப்பு நிலையானது’ என்று எழுதினால், உங்கள் ஸ்மியரிங் எவ்வளவு பெரிது என்பதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஸ்மியரிங்கைக் குறைக்கும்போதெல்லாம் கே-கிரிட்டையும் அடர்த்தியாக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பதில் பயனில்லை.

எதிர்க்குறி போட்ட அதிர்வெண்கள்

கற்பனை அதிர்வெண்களை (வர்க்கம் எதிர்மதிப்பாக வருபவற்றை) வெளியீட்டுக் கோப்பு எதிர்க்குறியுடன் காட்டும். அதைக் கண்டதும் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: ‘இரைச்சல்’ என்று அந்த அதிர்வுகளைக் கூட்டலிலிருந்து தூக்கிவிடுவது, அல்லது ‘அமைப்பு நிலையற்றது’ என்று பொருளையே கைவிடுவது. இரண்டுக்கும் முன் எந்த வகை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

காமா புள்ளிக்கு (ஃபோனானின் அலைத்திசையன் க்யூ சுழியாகும் இடத்துக்கு) மிக அருகில், ஒலிக்கிளைகளில் மட்டும் சில செ.மீ⁻¹ அளவுக்கு எதிர்மதிப்பு வந்தால் அது பெரும்பாலும் துல்லியக் குறைவு. படிகம் முழுதும் ஒன்றாக நகர்ந்தால் விசை எழக்கூடாது என்ற ஒலிக்கிளைக் கூட்டுவிதியைத் திணித்தால் போய்விடும். திணித்தபின் மற்ற அதிர்வெண்களும் கணிசமாக நகர்ந்தால், கூட்டுவிதி பிரச்சினையைத் தீர்க்கவில்லை, மூடிமறைக்கிறது என்று பொருள். வெட்டு ஆற்றலை (அலைச்சார்பை விவரிக்கும் தள அலைகளின் உச்ச ஆற்றலை) உயர்த்துங்கள். இரண்டாவது வகை, கணக்கிட்ட க்யூ-புள்ளிகளுக்கு இடையில் மட்டும் பள்ளம் விழுவது. அது இடைச்செருகலின் கைவரிசையாக இருக்கலாம். பள்ளத்தின் அடியில் உள்ள அந்த ஒரு க்யூ-புள்ளியை நேரடியாகக் கணக்கிட்டால் தெரிந்துவிடும். மூன்றாவது வகை உண்மையான நிலையின்மை: எவ்வளவு இறுக்கினாலும் போகாது. அந்த அதிர்வின் திசையில் அணுக்களைச் சற்றே நகர்த்தி, பொருத்தமான மீக்கூட்டில் (பல அலகுக்கூடுகள் சேர்ந்த கூட்டில்) தளர்த்தினால் ஆற்றல் குறையும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. இலேசான அணுக்கள் உள்ள பொருள்களில், விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதம் என்று கொள்ளும் சீரிசைத் தோராயத்தில் மட்டுமே நிலையின்மை இருக்கலாம். பல்லேடியம் ஹைட்ரைடு தெரிந்த உதாரணம். ஹைட்ரஜனின் குவாண்டம் அலைவைச் சேர்த்ததும் அதிர்வெண்கள் உயர்ந்து நிலைபெறுகின்றன. நிலையின்மை தெரியாத இடத்திலும் இதன் தாக்கம் சிறிதல்ல. 2015-இல் 155 கிகாபாஸ்கலில் 203 கெல்வின் என்று அறிவிக்கப்பட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடில், 200 கிகாபாஸ்கலுக்குச் செய்த கணக்கீட்டில் சீரிசை லாம்டா 2.64. சீரிசையற்ற விளைவுகளைச் சேர்த்ததும் அது 1.84 ஆக இறங்கியது.

வானியர் படி: அதிகம் சறுக்குவது இங்கேதான்

இடைச்செருகிய எலக்ட்ரான் ஆற்றல் பட்டைகளை நேரடிக் கணக்கீட்டுப் பட்டைகளின் மேல் வைத்து வரைந்து பார்க்காமல் ஒரு அடிகூட முன்னே போகாதீர்கள். ஃபெர்மி மட்டத்தைச் சுற்றிப் பெரிய ஃபோனான் ஆற்றலின் சில மடங்கு தூரத்துக்கு இரண்டும் ஒட்டிப்போக வேண்டும். மக்னீசியம் டைபோரைடில் போரானின் சிக்மா பட்டைகள் ஃபெர்மி மட்டத்தை மயிரிழையில் வெட்டி, காமா–ஏ திசையில் குறுகிய உருளைகளாக நிற்கின்றன. அவற்றின் உச்சி சிறிது நகர்ந்தாலே உருளையின் தடிமன் மாறிவிடும். பிணைப்பின் பெரும்பங்கு இந்த உருளைகளிலும், போரான் தளத்துக்குள் நடக்கும் ஓர் இரட்டை அதிர்விலும் குவிந்திருக்கிறது.

கிரிட்டுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கே-கிரிட், க்யூ-கிரிட்டின் முழுமடங்காக இருக்க வேண்டும்: 4×4×4 க்யூவுக்கு 8×8×8 கே சரி, 6×6×6 சரியல்ல. எலியாஷ்பெர்க் கணக்கீட்டில் அடர்ந்த கிரிட்டுகளுக்கும் இதே விதி. பயிற்சிக் கோப்புகளில் காணும் 3×3×3 மாதிரியான சிறு கிரிட் நேரம் மிச்சம் பிடிக்க வைத்தது. அதிலிருந்து வரும் எண்ணைக் கட்டுரையில் போடக்கூடாது. க்யூ-கிரிட் போதுமா என்று அறிய, இபிடபிள்யூ எழுதும் ‘டிகே’ என்று தொடங்கும் கோப்புகளைத் திறந்து வரையுங்கள். ஹாமில்டோனியனும் (எலக்ட்ரான் ஆற்றலின் அணி), அதிர்வுகளைத் தரும் இயக்க அணியும், பிணைப்பு அணி உறுப்புகளும் தொலைவோடு பல மடங்கு தேய்ந்திருக்க வேண்டும். கடைசிப் புள்ளியிலும் வளைவு தட்டையாக நின்றால் கிரிட் போதாது. இந்த வரைபடத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். பார்க்காமல் விட்டால் வாரக்கணக்கில் கணினி நேரம் வீண்.

கண்ணுக்கே தெரியாத தவறு ஒன்று இருக்கிறது. அலைச்சார்புகளுக்குத் தன்னிச்சையான ஒரு கட்டக்கோணம் (phase) உண்டு; ஒவ்வொரு ஓட்டத்திலும் அது மாறலாம். வானியர் அணிகளை ஒரு ஓட்டத்தில் எடுத்துவிட்டு, வட்டில் இடமில்லை என்று அலைச்சார்புகளை அழித்து, மறுபடி ஓட்டிப் பெற்றவற்றோடு இணைத்தால் பட்டைகள் கச்சிதமாக வரும், அணி உறுப்புகள் குப்பையாக இருக்கும். இந்தப் படிகளுக்கு ஒரே ஓட்டத்தின் கோப்புகளையே வைத்திருங்கள். இதே காரணத்தால், நேரடிக் கணக்கீட்டின் அணி உறுப்பை இடைச்செருகியதோடு ஒப்பிடும்போது தனி எண்ணைப் பார்க்காதீர்கள். அளவின் வர்க்கத்தை எடுத்து, சம ஆற்றல் கொண்ட எல்லா நிலைகளுக்கும் அதிர்வுகளுக்கும் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். கிரிட்டில் இல்லாத ஒரு க்யூ-புள்ளியிலாவது இதைச் செய்து பாருங்கள்.

முனைவுள்ள பொருள்கள், ஒற்றை அடுக்குகள்

காலியம் ஆர்சனைடு போன்ற குறைக்கடத்தியில், நெட்டலை ஒளியியல் ஃபோனான் உருவாக்கும் மின்புலம் நெடுந்தொலைவு எட்டுகிறது. க்யூ சுழியை நெருங்க நெருங்க அணி உறுப்பு 1/க்யூ என்று விரிந்துகொண்டே போகும். எந்த கிரிட்டும் இதைப் பிடிக்காது. அணு நகரும்போது எழும் முனைவைச் சொல்லும் பார்ன் மின்னூட்டங்களையும் மின்காப்பு மாறிலியையும் கணக்கிட்டு, அந்த நெடுந்தொலைவுப் பகுதியைக் கழித்து, மீதியை மட்டும் இடைச்செருகி, கடைசியில் திருப்பிச் சேர்க்க வேண்டும். ஃபோனான் வளைவுக்கு இதைச் செய்துவிட்டு பிணைப்புக்குச் செய்ய மறப்பவர்கள் உண்டு. இதற்கு அடுத்த படியான நான்முனைத் திருத்தம் 2020-இல் வந்த கட்டுரைகளுக்குப் பிறகே பரவலானது. பார்ன் மின்னூட்டமே இல்லாத சிலிக்கானிலும் அதற்கு வேலை இருக்கிறது.

இயக்க எண் (மின்புலத்தில் எலக்ட்ரான் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதன் அளவு) கணக்கிடுபவர்கள், பட்டைக்குள் எலக்ட்ரான் காட்டும் பயனுறு நிறையையும் பார்க்க வேண்டும். காலியம் ஆர்சனைடில் சோதனை மதிப்பு எலக்ட்ரான் நிறையின் 0.067 பங்கு. பட்டை இடைவெளியைச் சுருக்கிக் காட்டும் சாதாரணச் சார்பியங்கள் இந்த நிறையையும் குறைத்துவிடும். பிணைப்பு சரியாக இருந்தும் இயக்க எண் தவறும்.

ஒற்றை அடுக்குப் பொருளில் வெற்றிடத்தை மட்டும் கூட்டினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. வெற்றிடம் எவ்வளவு இருந்தாலும், அதைவிட நீண்ட அலைநீளத்துக்கு, கணக்கீடு திரும்பத் திரும்ப அடுக்கும் அதன் பிரதிகள் ஒன்றையொன்று உணரும். கூலும் விசையை அடுக்குக்குச் செங்குத்தான திசையில் வெட்டும் வசதியை இயக்குங்கள். அப்போதுதான் காமா புள்ளியில் நெட்டலை–குறுக்கலைப் பிளவு மறையும். ஈரளவைப் பொருளில் அது மறையத்தான் வேண்டும்.

லாம்டாவிலிருந்து வெப்பநிலைக்கு

லாம்டாவிலிருந்து மாறுநிலை வெப்பநிலையைத் தரும் ஆலன்–டைன்ஸ் வாய்பாட்டில் எண்களைப் போட்டுப் பார்ப்போம். லாம்டா 0.60, மடக்கைச் சராசரி அதிர்வெண் 500 கெல்வின், கூலும் விலக்கத்தைக் குறிக்கும் மியூ-ஸ்டார் 0.10 என்றால் விடை 11.4 கெல்வின். மியூ-ஸ்டாரை 0.15 ஆக்கினால் 6.1. மியூ-ஸ்டாரை 0.10-லேயே வைத்து லாம்டாவைப் பத்து சதவீதம் கூட்டினால் 15. எனவே மியூ-ஸ்டாரைத் திருகி சோதனை மதிப்போடு பொருந்தச் செய்வது எதையும் நிரூபிப்பதில்லை. மதிப்பை முன்கூட்டியே முடிவுசெய்து, 0.10 முதல் 0.15 வரை விடை எப்படி நகர்கிறது என்று வீச்சாகக் கொடுங்கள். லாம்டாவையும் ஒற்றை ஸ்மியரிங்கில் சொல்லாமல், ஸ்மியரிங்குக்கு எதிராக வரைந்து, தட்டையாகும் பகுதியிலிருந்து எடுங்கள். தட்டையான பகுதியே இல்லையென்றால் கிரிட் போதவில்லை.

மக்னீசியம் டைபோரைடில் இந்த வாய்பாடே பொருந்தாது. அதில் ஏறத்தாழ 7, 2.5 மில்லி எலக்ட்ரான்வோல்ட் என இரண்டு மீக்கடத்தல் ஆற்றல் இடைவெளிகள் உள்ளன. ஃபெர்மி பரப்பு முழுவதற்கும் ஒரே சராசரி எடுத்தால், நியாயமான மியூ-ஸ்டாருக்கு வெப்பநிலை வெகுவாகக் குறைந்துவிடும். திசைசார் சமன்பாடுகள் தேவை. ஈயத்தில் சிக்கல் வேறு: தற்சுழற்சி–சுற்றுப்பாதைப் பிணைப்பை விட்டுவிட்டால் லாம்டா கணிசமாகக் குறைவாக வரும்.

சில பொருள்களில் எந்த கிரிட்டாலும் பயனில்லை. எலக்ட்ரான்களுக்கிடையிலான ஊடாட்டம் வலுவானால் சாதாரண அடர்த்திச் சார்பியங்கள் பிணைப்பையே குறைத்துக் காட்டும். கிராஃபீனின் கே முனையில் இது நடக்கிறது. பொட்டாசியம் கலந்த பேரியம் பிஸ்மத்தேட்டில் இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. மாசூட்டிய ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டின் பிரச்சினை அடிப்படையிலேயே இருக்கிறது. அங்கே உயர்ந்த ஒளியியல் ஃபோனானின் ஆற்றல் சுமார் 100 மில்லி எலக்ட்ரான்வோல்ட். மின்னூட்ட ஊர்திகள் குறைவாக உள்ள நிலையில் ஃபெர்மி ஆற்றல் அதைவிடச் சிறியது. எலக்ட்ரான்கள் அதிர்வுகளைவிட வேகமானவை என்ற மிக்டால் அனுமானத்தின் மேல்தான் எலியாஷ்பெர்க் சமன்பாடுகள் நிற்கின்றன. அந்த அனுமானம் இங்கே இல்லை. நிரல் ஓடும், எண் வரும். ஓட்டுவதற்கு முன் ஃபெர்மி ஆற்றலையும் மிகப்பெரிய ஃபோனான் ஆற்றலையும் அருகருகே எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் இந்த முறையை அங்கே பயன்படுத்தாதீர்கள்.