சிங்கப்பூரில் கப்பல் ஏறப்போகிற யாழ்ப்பாணத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் ஓகஸ்ட் விடுமுறைக்கோ நத்தார் விடுமுறைக்கோ சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் இடம் பதிகிறார்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் அதே கப்பலில் ஓர் அறை. இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவையில்லை. நாலைந்து நாள் குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கலாம், சமையல் இல்லை, அலைச்சல் இல்லை. நல்ல யோசனைதான். கப்பலுக்குள் நடப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுப் படலையிலிருந்து கப்பல் வாசல்வரை போய்ச் சேர்வதுதான் இங்குள்ளவர்களின் பாடு. பிழைகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

ஊரில் பயண ஏற்பாடு செய்துகொடுப்பது என் தொழில். இந்த வேலைக்குப் புதிதாக வந்த தம்பிமாரும், பெற்றோருக்காகத் தாங்களே இணையத்தில் பதிகிற பிள்ளைகளும் அனுப்புகிற திட்டங்களைப் பார்த்தால், தொடக்கத்தில் எங்கள் எல்லோரிடமும் இருந்த அதே பிழைகள் அப்படியே திரும்ப வருகின்றன. கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், பெட்டியில் பெயர் ஒட்ட வேண்டும் என்பவற்றை இங்கே எழுதவில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

"கப்பல் பின்னேரம்தானே, காலமை இறங்கினால் காணும்"

இந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் கணக்குச் சரிதான். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்படுகிற விமானம் ஏறக்குறைய 4 மணித்தியாலத்தில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்குப் போய்விடும். சிங்கப்பூர் நேரம் எங்களுடையதைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். ஆகவே அங்கே காலை ஏழு, எட்டு மணிக்கு இறங்கலாம். கப்பல் பின்னேரம் 4 மணிக்கோ 5 மணிக்கோ. நடுவில் எட்டு மணித்தியாலம் சும்மா கிடக்கிறது, பிறகு எதற்கு ஓர் இரவு ஹோட்டல் காசு?

முதலில், 4 மணி என்பது கப்பல் நகர்கிற நேரம். பயணிகளைப் பதிகிற கருமபீடம் அதற்கு ஒரு மணித்தியாலமோ ஒன்றரை மணித்தியாலமோ முன்பே மூடிவிடும். கப்பலுக்குக் கப்பல் இது மாறும், பயணச்சீட்டில் எழுதியிருப்பார்கள். அத்தோடு குடிவரவு வரிசை, பெட்டி வரும்வரை நிற்பது, ரக்சி என்று இரண்டு மணித்தியாலத்தைக் கழியுங்கள். எட்டு இப்போது நாலரை ஆகிவிட்டது.

நாலரை மணித்தியாலம் போதாதா என்று கேட்பீர்கள். விமானம் பிந்தினால் ஒருவேளை போதும். விமானம் ரத்தானால் மணித்தியாலக் கணக்கே உதவாது. அதனால் நான் யாருக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்க்கச் சொல்வதில்லை. வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்: இந்த விமானம் போகாவிட்டால், கப்பலின் கதவு மூடுவதற்குள் என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய அடுத்த விமானம் எது, அதில் எனக்கு இடம் இருக்குமா? கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு நாளில் போகும் நேரடி விமானங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விடுமுறைக் காலத்தில் அவையும் நிரம்பிவிடும். அன்று காலை இறங்குவதாகப் போட்ட திட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே இருக்காது.

அதோடு எங்கள் பயணம் கட்டுநாயக்காவில் தொடங்குவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம். பெருமழை பெய்தால் அந்தப் பாதை என்னவாகும் என்பது 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயலின்போது தெரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன பஸ் ஒன்று கலா ஓயாவில் வெள்ளத்துக்குள் அகப்பட்டு, பயணிகளைக் கடற்படையினர் மீட்க வேண்டிவந்தது. நத்தார்க் கப்பலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வடகீழ்ப் பருவமழைக்குள்தான் வெளிக்கிடுகிறார்கள்.

கோப்பாய்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் மனைவியும் இப்படித்தான் போனார்கள். மகள் கனடாவிலிருந்து பேரப்பிள்ளைகளோடு முதல் நாளே சிங்கப்பூருக்கு வந்துவிட்டா. இவர்களையும் முதல் நாளே போகச் சொன்னேன். "தம்பி, ஒரு இரவுக்கு ஏன் அவ்வளவு காசு? காலமை போய் இறங்கினால் நேரே கப்பலுக்குப் போகலாம். நீர் ரிக்கெற்றைப் போடும்" என்றார். எவ்வளவோ சொல்லியும் அவர் மாறவில்லை.

நள்ளிரவு தாண்டிப் போகவேண்டிய விமானம் ஏதோ கோளாறென்று விடிந்த பிறகுதான் கிளம்பியது. சாங்கியில் இறங்கும்போது பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. மனைவிக்கு முழங்கால் வருத்தம், வேகமாக நடக்க முடியாது. பெட்டிகளை எடுத்து வெளியே வந்து ரக்சிக்காரரிடம் "குரூஸ் சென்ரர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஹாபர்ஃபிரண்ட் முனையத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். கப்பல் நின்றது மரீனா பே முனையத்தில். அங்கிருந்து இன்னொரு ரக்சி பிடித்துப் போனபோது பதிவு மூடிவிட்டது. கப்பல் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. மகள் மேல் தளத்திலிருந்து தொலைபேசியில் அழுகிறா. உள்ளே விடவில்லை. பயணிகள் பட்டியலை மூடியபிறகு கப்பல்காரர் யாரையும் ஏற்றமாட்டார்கள், அதில் அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

நாலு இரவும் அந்த இரண்டு பேரும் செரங்கூன் வீதியில் ஓர் அறை எடுத்து மகள் திரும்பி வரும்வரை இருந்தார்கள். கப்பல் அறைக்குக் கட்டிய காசில் ஒரு சதமும் திரும்பவில்லை. வராமல் விட்டவருக்குக் காசு திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் பொதுவாக இல்லை. காசு போகட்டும். மகளுக்குக் கிடைத்த லீவே இரண்டு கிழமை. அதில் நாலு நாள் தண்ணீரில் ஒரு பக்கம், தரையில் ஒரு பக்கம் என்று போனது. மிச்சம் பிடித்தது ஓர் இரவு வாடகை. இன்றைக்கும் யாராவது "காலமை இறங்கினால் காணும்" என்றால் எனக்கு உடனே கோபம் வந்துவிடுகிறது. அந்த அம்மாவின் முகம்தான் அதற்குக் காரணம்.

பெட்டி பிந்தி வருவதையும் யோசியுங்கள். நீங்கள் நேரத்துக்குப் போய், பெட்டி அடுத்த விமானத்தில் வந்தால், முதல் நாளே போயிருந்தால் ஹோட்டலுக்குக் கொண்டுவந்து தருவார்கள். அன்றைக்கே கப்பல் ஏறினால் உடுத்திய உடுப்போடு கடலில் இருக்க வேண்டியதுதான். பிரஷர், சீனி வருத்தத்துக்கான மருந்தைக் கைப்பையில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆகவே குறைந்தது ஒரு நாள் முன்பு சிங்கப்பூரில் இறங்குங்கள். நவம்பர், டிசம்பரில் என்றால் விமானத்துக்கு முதல் நாளே நீர்கொழும்புக்குப் போய்ப் படுங்கள். கட்டுநாயக்கா அங்கிருந்து கிட்ட. யாழ்ப்பாணத்து வான்கள் புத்தளம், சிலாபம் வழியாக வருவதால் கொழும்புக்குள் போக வேண்டிய தேவையும் இல்லை. செவ்வாய்க்கிழமை வெளிக்கிடமாட்டோம் என்கிற வீடுகள் இருக்கின்றன. அதை மதிக்கிறேன். அப்படியானால் திங்களுக்கு முற்படுத்துங்கள், புதனுக்குத் தள்ளாதீர்கள்.

"தவறினால் அடுத்த துறைமுகத்தில் ஏறலாம்"

ஏறலாம் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். கப்பல் நிறுவனம் சம்மதிக்க வேண்டும், அந்த நாட்டுக்குள் போக உங்களுக்கு விசா வேண்டும், விமானச் செலவு உங்களுடையது. சிங்கப்பூரிலிருந்து போகிற கப்பல்கள் பல பினாங்குக்கோ கிள்ளான் துறைமுகத்துக்கோ போகும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மலேசிய விசா தேவை, கனடியக் கடவுச்சீட்டுக்குத் தேவையில்லை. ஒரே குடும்பத்தில் இரண்டு வகைக் கடவுச்சீட்டு இருக்கும்போது, பிள்ளைகள் தங்களுடையதை மட்டும் பார்த்துவிட்டு "விசா ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். தரையில் இறங்காவிட்டாலும், தொடுகிற துறைமுகங்களுக்கு விசா இல்லாதவரை ஏற்ற மறுக்கும் கப்பல்கள் உண்டு.

மியாமியில் ஏறுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடியோடு ஓடும் கப்பல்கள் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவரை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் கொண்டுபோய் விடுவதைக் கட்டுப்படுத்துகிறது. பெரிய உல்லாசக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடியோடுதான் ஓடுகின்றன. அங்கே தவறவிட்டால், வழியில் வரும் இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று நம்ப முடியாது.

பலாலியில் ஏறினால் சுகம் என்று இரண்டு ரிக்கெற் வாங்குவது

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து 2024 செப்டெம்பரில் இண்டிகோவின் சென்னைச் சேவையும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவையும் தொடங்கிய பிறகு இந்த ஆசை கூடிவிட்டது. ஆசையில் பிழை இல்லை. வீட்டிலிருந்து விமான நிலையம் கிட்ட, சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. இரண்டையும் தனித்தனி ரிக்கெற்றாக வாங்கும்போதுதான் பிரச்சினை. இந்தியாவுக்குள் குடிவரவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, திரும்பப் பதிய வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் பலாலியிலேயே ஏற்றமாட்டார்கள். முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது ரிக்கெற்றின் காசுக்கு யாரும் பொறுப்பில்லை.

ஒரே ரிக்கெற்றாகக் கிடைக்கிறதா, பெட்டி நேரே சிங்கப்பூருக்குப் போகுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு பலாலியைத் தெரிவுசெய்யுங்கள்.

நள்ளிரவுத் திகதி

ரிக்கெற்றில் 14ஆம் திகதி 00.45 என்று இருந்தால், 13ஆம் திகதி இரவு நீங்கள் கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வான் 13ஆம் திகதி காலையிலேயே வெளிக்கிட வேண்டும். எங்கள் பழைய வழக்கத்தில் நாள் விடியலோடு தொடங்குகிறது, பெரியவர்கள் அந்த இரவையும் 13 என்றுதான் நினைப்பார்கள். அது சரியான இடத்தில்தான் கொண்டுபோய் விடும். ரிக்கெற்றைப் பார்த்து வானை 14ஆம் திகதிக்குச் சொல்லிவைக்கிற இளம் பிள்ளைகள்தான் விமானத்தை விடுகிறார்கள்.

துறைமுகத்தின் பெயரை நம்புவது

சிங்கப்பூரில் இரண்டு முனையங்கள். ஹாபர்ஃபிரண்டில் இருப்பதன் பெயரே சிங்கப்பூர் குரூஸ் சென்ரர், பாத்தாம் தீவுக்குப் போகிற படகுகளும் அங்கேதான். 2012இல் திறந்த மரீனா பே குரூஸ் சென்ரர் வேறோர் இடம். அதற்குக் கிட்டிய எம்ஆர்ரி (நகர ரயில்) நிலையம் மரீனா சவுத் பியர், சிவப்புப் பாதையின் கடைசி நிலையம். எந்த முனையம் என்று ஒரு கடதாசியில் ஆங்கிலத்தில் எழுதிப் பெற்றோரின் கையில் கொடுங்கள்.

ஐரோப்பாவில் இது இன்னும் பெரிய பிழை. "ரோம்" என்று போட்டிருக்கும் கப்பல் சிவித்தாவெக்கியாவில் நிற்கும், நகரத்திலிருந்து 70 கிலோமீற்றருக்கு மேல். "லண்டன்" என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ரன். "பாங்கொக்" என்றால் பெரிய கப்பல்களுக்கு லேம் சபாங், அதுவும் 100 கிலோமீற்றருக்கு மேல்.

கடவுச்சீட்டைப் பெரிய பெட்டிக்குள் வைப்பது

பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், அது அறைக்கு வரப் பின்னேரமாகும். கடவுச்சீட்டு கையில்.

ஹோட்டல்

காலை 8 மணிக்கு இறங்குகிறவருக்கு ஹோட்டல் அறை பெரும்பாலும் பின்னேரம் 2, 3 மணிக்குத்தான். இரவு முழுவதும் விமானத்தில் இருந்துவிட்டு வருகிற எழுபது வயதுக்காரர் வரவேற்பறைக் கதிரையில் ஆறு மணித்தியாலம் இருப்பது பாவம். நேரத்தோடு அறை தருவார்களா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் பகலில் போகும் விமானத்தைப் பாருங்கள்.

லிட்டில் இந்தியாப் பக்கம் எங்கள் பெரியவர்களுக்கு வசதி. மரக்கறிச் சாப்பாடு இருக்கிறது, தமிழ் கதைக்கலாம், வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் ஹோட்டல் வேண்டும் என்று கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை. இரண்டு முனையங்களுக்கும் அங்கிருந்து ரக்சியில் போகக் கனநேரம் எடுக்காது.

நாகப்பட்டினக் கப்பலையும் சென்னைக் கப்பலையும் கோர்ப்பது

காங்கேசன்துறையில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கி, சென்னையில் உல்லாசக் கப்பல் பிடிக்கலாமா என்று கேட்கிறார்கள். கடல் கொந்தளித்தால் முதல் கப்பல் ஓடாது. வேண்டாம்.

திரும்பி வரும் நாள்

கப்பல் காலை 7 மணிக்கு வந்துவிடும் என்று 10 மணி விமானத்துக்குப் பதியாதீர்கள். கப்பலைத் துறையில் கட்டுவது ஒரு நேரம், ஆட்களை இறக்குவது இன்னொரு நேரம். தளம் தளமாகத்தான் விடுவார்கள், அதன்பிறகு குடிவரவும் பெட்டியும். பகல் ஒரு மணிக்குப் பிந்திய விமானமே பாதுகாப்பு. சிங்கப்பூரின் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவது விமானத்தில் போகும்போது மட்டும் என்று நினைக்கிறார்கள். கப்பலில் திரும்பி வருவதும் ஒரு வருகைதான், அதற்கும் நிரப்ப வேண்டும்.

அந்த விமானம் கட்டுநாயக்காவில் இரவில் இறக்கினால், அப்படியே வானில் ஏறி யாழ்ப்பாணத்துக்கு ஓட வேண்டாம். சாரதி பகல் முழுவதும் வாகனம் ஓட்டிக்கொண்டுதான் அங்கே வந்திருப்பார். அவருக்கும் சேர்த்து நீர்கொழும்பில் அறை எடுங்கள். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேரத் தேத்தண்ணிக்கு முன்பு வீட்டில் நிற்கலாம்.