பனங்களி இயந்திரம் வடிவமைக்கப் போகும் சிரேஷ்ட பொறியியலாளருக்கு

பனங்களியை, அதாவது பனம்பழத்தின் சதைக்கூழை, நாரிலிருந்து பிரிக்கும் இயந்திரம் ஒன்றை யாழ்ப்பாணத்தில் உருவாக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், கணினியில் வரையத் தொடங்குமுன் பழம் பிசைபவர்களின் முற்றத்தில் அரைநாளாவது இருந்து பாருங்கள். “களி சுத்தமா வரவேணும்” என்று அவர்கள் சொல்வதை, மணிக்கு எத்தனை பழம், களியில் எவ்வளவு நார் இருக்கலாம், கழுவ எத்தனை நிமிடம் என்று அளக்கக்கூடிய தேவைகளாக மாற்றி, அவர்களுக்கே வாசித்துக் காட்டிச் சம்மதம் பெற வேண்டும். அந்தத் தாளில் விட்ட பிழையை இயந்திரம் செய்து முடித்தபின் திருத்துவது பெருஞ்செலவு.

வரைபடத்தில் ‘துருப்பிடிக்காத உருக்கு’ என்று மட்டும் எழுதி விடாதீர்கள். கடற்காற்றும் உவர்நீரும் உள்ள இடத்தில் உப்பிலுள்ள குளோரைட்டு அந்த உருக்கின் 304 வகையைக் குழிகுழியாக அரிக்கக்கூடும். 316 வகையில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் இருப்பதால் அது கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், விலையும் கூடுதல்தான். களி படும் பாகங்களுக்கு அதை ஒதுக்கிவிட்டுச் சட்டகத்துக்குப் பூச்சிட்ட சாதாரண உருக்கைப் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டும் நேரடியாகத் தொடும் இடங்களில் மின்காப்பு வளையம் இடாவிட்டால், பூச்சு உரிந்த இடத்தில் சாதாரண உருக்கு விரைவாக அரிபடும்.

பழுது வாய்ப்புகளை ஆராயும் அட்டவணையில்தான் அனுபவம் தேவைப்படுகிறது. தீவிரம், நிகழும் வாய்ப்பு, முன்கூட்டியே கண்டறியும் கடினம் ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை புள்ளியிட்டுப் பெருக்குவது வழக்கம். நார் அடைத்து மோட்டர் நிற்பதற்கு 4, 4, 4 எனப் புள்ளியிட்டால் 64 வரும். சுழலும் தண்டில் கை அகப்படுவதற்கு 10, 2, 2 எனப் புள்ளியிட்டால் 40தான். பெருக்குத்தொகையை மட்டும் பார்க்கும் இளையவர் நாரைத் தீர்க்கப் போவார். நீங்கள் தீவிரத்தை முதலில் பார்த்து, கை எட்டாதபடி பழமிடும் வாயை நீட்டி, மூடி திறந்தால் மோட்டர் நிற்கும் மின் ஆளியையும் (சுவிட்ச்) சேர்க்கச் சொல்ல வேண்டும். (அந்த ஆளியைக் கம்பி கட்டி ஏமாற்றுவார்கள் என்பதையும் எதிர்பாருங்கள்.)

முன்மாதிரியைப் பொறுக்கியெடுத்த நல்ல பழத்தில் ஓட்டிப் பார்ப்பதால் பயனில்லை. மண் ஒட்டியதும் அளவுக்கு மீறிப் பழுத்ததும் கலந்து, ஏதாவது ஒன்று பழுதாகும் வரை ஓட்டுங்கள். பழுதான பாகத்தை வீசாமல் திகதியிட்டு வையுங்கள். பனம்பழக் காலம் சில மாதங்களிலேயே ஓய்ந்துவிடும் என்பதால் கால அட்டவணையைப் பின்னிருந்து போட்டு, கடைசல் வேலைகள் பழக்காலம் தொடங்குமுன் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தவறினால் அடுத்த சோதனைக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.