புதிதாக சைக்கிள் ஓட்ட வரும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சென்னை ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) புது சைக்கிளோடு வந்து நிற்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் ஆரம்பத்தில் பட்டதையே இவர்களும் படுகிறார்களே என்று வயிறு எரிகிறது. ஹெல்மெட் போடு, விளக்கு மாட்டு என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பெண் என்பதால் நம் தலையில் கட்டப்பட்டு, கடைசியில் நம் குறை மாதிரியே ஆகிவிடும் சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடைக்காரர் கூட வந்த ஆணிடம் பேசும்போது சும்மா நிற்பது

பணத்தை விழுங்கும் தவறு இதுதான், எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் குழுவுக்கு வந்த ஒரு பெண், தன் சம்பளத்தில் சைக்கிள் வாங்கப் போனாள், துணைக்குத் தம்பி. விலை, கியர், பிரேக் எல்லாவற்றையும் கடைக்காரர் தம்பியிடமே விளக்கியிருக்கிறார், “மேடம் எவ்வளவு தூரம் ஓட்டுவாங்க?” என்று கேட்டதுகூட அவனைப் பார்த்துத்தான். அவள் உயரத்தை யாரும் கேட்கவில்லை. கடையில் மிச்சமிருந்த பெரிய ஃப்ரேமைக் கொடுத்து, கை எட்டவில்லையே என்றதற்கு “ஓட்ட ஓட்டப் பழகிடும்” என்று அனுப்பிவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் உள்ளங்கை மரத்துப்போக ஆரம்பித்தது, கழுத்து வலி வேறு. முட்டுக்காடு பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் கையை உதறிக்கொண்டிருக்க, குழுவில் மூத்தவர் ஒருவர் “பொண்ணுங்களுக்குக் கையில பலம் கம்மி, புஷ்-அப் எடும்மா” என்கிறார். அவள் ஓட்டுவதைப் பக்கவாட்டில் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்: முழங்கை இரண்டும் விறைத்து நீண்டிருக்கும், ஹேண்டில் பாரை எட்டுவதற்காக சீட்டின் நுனிக்கு நழுவி வந்திருப்பாள். கையில் ஒரு குறையும் இல்லை, ஃப்ரேம் பெரிது. ஹேண்டில் பாரை ஃப்ரேமோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாட்டிப் பார்த்தோம், வலி குறைந்ததே தவிர தீரவில்லை. கடைசியில் பாதி விலைக்கு விற்றாள்.

அதனால் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகும் ஃப்ரேமின் பாருக்கு இருபுறமும் காலூன்றி நின்றால் உடம்புக்கும் பாருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும், ஓட்டும்போது முழங்கை லேசாக மடங்க வேண்டும், பிரேக் லிவர் இரண்டு விரலுக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால், பல லிவர்களில் அதற்கென்றே ஒரு சின்ன திருகு இருக்கிறது, அதைத் திருப்பிக் கைப்பிடிக்கு நெருக்கிக்கொள்ளலாம். இதை எந்தக் கடையிலும் அவர்களாக நமக்குச் சொல்லி நான் பார்த்ததில்லை. பேச்சு தம்பி பக்கம் போனால், “வாங்குறது நான், என்கிட்ட சொல்லுங்க” என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

“லேடீஸ் மாடல்” என்று கொடுத்ததை வாங்குவது

பார் வைத்த வண்டி பெண்களுக்கு ஆகாது என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்ட வைத்தபோது, லேடீஸ் சைக்கிளுக்கே தட்டுப்பாடு வந்துவிட்டது. அந்தப் பெண்கள் சேலையோடு ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறிப் போனார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. உங்கள் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் எது சரியோ அதை வாங்குங்கள்.

சீட் வலியை வெட்கப்பட்டு மறைப்பது

குழுவில் ஆண்களே அதிகம் என்பதால் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பலர் இதனாலேயே ஓட்டுவதை விட்டுவிடுகிறார்கள். ஒரு அட்டைப்பெட்டித் துண்டைக் கெட்டியான படிக்கட்டில் போட்டு அழுத்தி உட்காருங்கள். இடுப்பெலும்பு இரண்டும் பள்ளம் பதிக்கும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவரை உள்ள தூரத்தோடு சுமார் 20 மில்லிமீட்டர் கூட்டினால், ஏறக்குறைய உங்களுக்கு வேண்டிய சீட்டின் அகலம் வரும். மெத்தை மாதிரி சீட் நெடுந்தூரத்துக்கு உதவாது. பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக்கூடாது, உரசிப் புண்ணாக்கிவிடும்.

தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவது

வழியில் ஒதுங்க இடமில்லை என்று பயந்து வாயைக்கூட நனைக்காமல் வருகிறார்கள். சென்னை வெயிலில் இது ஆபத்து, சிறுநீர்த் தொற்றும் வரலாம். எங்கே நிறுத்துவது என்று ஆண்களே முடிவு செய்தால் கழிப்பறை அவர்கள் நினைவுக்கே வராது. முந்தின நாள் வழி போடும்போதே, கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்தியாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

“நகருங்க மேடம், நான் பாக்குறேன்” என்றதும் பஞ்சரை விட்டுக்கொடுப்பது

நகராதீர்கள். பக்கத்தில் நின்று சொல்லித்தரச் சொல்லுங்கள், ட்யூபை உங்கள் கையால் மாற்றுங்கள்.

மேட்டில் முதுகில் கைவைத்துத் தள்ளுவதைப் பொறுத்துக்கொள்வது

“கையை எடுங்க.” அங்கேயே, எல்லோர் காதிலும் விழும்படி.