மாட் போட்டு மாட்டிக்காம இருக்க

மைன்கிராப்ட் கேம்ல மாட் (கேம்ல புதுசா விஷயம் சேக்குற ஆட்-ஆன்) போட்ட சர்வர் ஆரம்பிக்கிற எல்லாரும் முதல் நாள் ராத்திரி ஒரே வேலையத்தான் பண்ணுவோம். ஆசைப்பட்ட மாட் ஒரு 80, 90 இருக்கும், அதை எல்லாம் அப்படியே மாட்ஸ் ஃபோல்டர்ல கொட்டி ஸ்டார்ட் பண்ணுவோம், கிராஷ் ஆகும், சந்தேகப்பட்ட ரெண்டைத் தூக்குவோம், திரும்ப கிராஷ், இன்னும் நாலைத் தூக்குவோம், விடியக்காலைல எப்படியோ ஓடும், ஆனா எதைத் தூக்கினதால ஓடுச்சுன்னு யாருக்கும் தெரியாது. மறுபடி கிராஷ் ஆகும்போது திரும்ப முதல்லேருந்து. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

முதல்ல லோடரை (மாட்டை கேம்ல ஏத்துற ப்ரோக்ராம், ஃபோர்ஜ், ஃபேப்ரிக் மாதிரி) மட்டும் போட்டு, ஒரு மாட் கூட இல்லாம சர்வரை ஓட்டி உள்ள போய் பாருங்க. அது ஓடுனா ஜாவா சரி, போர்ட் சரி, மெஷின் சரி. அப்புறம் அஞ்சு அஞ்சா ஏத்துங்க. ஏற்கனவே கொட்டியாச்சுன்னா பாதியை எடுத்து வெளிய வைங்க, ஓடுதா? அப்ப வில்லன் வெளிய இருக்கற பாதியில. அதையும் பாதியாக்குங்க. 80 மாட் இருந்தாலும் ஆறேழு தடவையில ஆளு சிக்கிடுவான். லைப்ரரி மாட்களை (மத்த மாட் ஓடறதுக்குத் தேவைப்படுற பொது மாட்) மட்டும் ரெண்டு பக்கமும் வச்சுக்கங்க, இல்லன்னா அது இல்லன்னே தனியா ஒரு கிராஷ் வந்து குழப்பும்.

அதுக்கும் முன்னாடி லாக்கை படிங்கப்பா. லாக்ஸ் ஃபோல்டர்ல லேட்டஸ்ட்னு ஒரு ஃபைல், கிராஷ் ரிப்போர்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர், ரெண்டும் அதுக்குத்தான் இருக்கு. நிறைய பேர் கடைசி வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "ப்ரோ ஹெல்ப்"னு போடுறாங்க, கடைசி வரியில பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, "காஸ்டு பை"ன்னு ஆரம்பிக்கிற வரிகளைத் தேடணும், அதுலயும் கடைசியா வர்றதுதான் பெரும்பாலும் உண்மையான காரணம். ஒரு உதாரணம் சொல்றேன். ஃபோர்ஜ் சர்வர்ல "இன்வேலிட் டிஸ்ட் டெடிகேட்டட் சர்வர்"னு ஒரு எரர் அடிக்கடி வரும். பாக்க பயமா இருக்கும், விஷயம் சிம்பிள்: ஏதோ ஒரு மாட் ஸ்க்ரீன்ல படம் வரையற கோடை சர்வர்ல கூப்பிடுது, சர்வருக்கு ஸ்க்ரீனே கிடையாது. ஷேடர், மினிமேப், மெனுவை அழகாக்குற மாட், இதெல்லாம் அவங்கவங்க கேம்ல இருந்தா போதும், சிலது சர்வர்ல இருந்தாலும் சும்மா கிடக்கும், சிலது இப்படி சாய்ச்சிடும். கேம்ல இருக்கற மாட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி சர்வர்ல போடுறதுதான் இதுக்குக் காரணம். மாட்பேக்குக்கு சர்வர் பேக்னு தனியா குடுத்திருந்தா அதையே எடுங்க.

வெர்ஷன் விஷயம் ஃபாஸ்ட்டா சொல்லிடறேன். ஃபேப்ரிக் மாட் ஃபோர்ஜ்ல நேரடியா ஓடாது. 2023-ல ஃபோர்ஜ்லேருந்து நியோஃபோர்ஜ் பிரிஞ்சுது, 1.20.1-ல ரெண்டுக்கும் மாட் பெரும்பாலும் ஒத்துப்போகும், அதுக்கு மேல போகாது. ப்ளக்இன் வேற, மாட் வேற, பேப்பர்ங்கற ப்ளக்இன் சர்வருக்கு உள்ளதை மாட்ஸ் ஃபோல்டர்ல போட்டு "ஏன் வேலை செய்யல"ன்னு கேக்காதீங்க. ஜாவா: 1.16.5 வரைக்கும் மாட் போட்டா ஜாவா 8, 1.17-க்கு 16, 1.18-லேருந்து 1.20.4 வரைக்கும் 17, 1.20.5-லேருந்து 1.21.x வரைக்கும் 21. புதுசு எல்லாத்துக்கும் ஓடும்னு நினைச்சு பழைய ஃபோர்ஜுக்கு ஜாவா 21 போட்டா ஸ்டார்ட்டே ஆகாது.

அடுத்து ரேம். லேக் அடிக்குதுன்னா "ரேம் ஏத்து"ன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி, இதுல எனக்கு செம கடுப்பு. மெஷின்ல மொத்தம் 8 ஜிபி, எக்ஸ்எம்எக்ஸ்ல (ஜாவா அதிகபட்சம் எவ்வளவு ரேம் எடுக்கலாம்ங்கற செட்டிங்) 8 ஜிபியும் எழுதி வச்சா ஆபரேட்டிங் சிஸ்டம் எங்க போகும், ஒரு கட்டத்துல அதுவே சர்வரைக் கொன்னுடும், லாக்ல ஒரு வரி கூட இருக்காது. அளவுக்கு மீறி குடுத்தாலும் பிரச்சினைதான், ஜாவா குப்பையை சேத்து வச்சு ஒரேடியா கூட்டும்போது எல்லாரும் கொஞ்ச நேரம் சிலையா நிப்பாங்க. நூறு மாட் வரைக்கும் 5, 6 ஜிபி, இருநூறு முந்நூறுன்னா 8 டு 10, நாலஞ்சு பேர் ஆட இது தாராளம்.

சர்வர் ஒரு செகண்டுக்கு 20 டிக் (உலகம் ஒரு அடி முன்னேறுற சுத்து) ஓடணும், ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட்தான் டைம். உலகத்தோட வேலை முக்காவாசி ஒரே த்ரெட்ல நடக்குது, அதனால 16 கோர் சிபியூ வாங்கினாலும் ஒரு கோர் எவ்வளவு வேகம்ங்கறதுதான் கணக்கு. ஒருத்தன் ஃபேக்டரி கட்டி, பைப் வழியா ஐட்டம் ஓட விட்டு, சங்க் லோடர் (ஆள் இல்லாதப்பவும் உலகத்தோட அந்தத் துண்டை, அதாவது சங்க்கை, ஓட வைக்கறது) வச்சு, தூங்கப் போயிருப்பான். அவனுக்காக எல்லாருக்கும் லேக். யாரு எதுன்னு சண்டை போடாம ஸ்பார்க்னு ஒரு மாட் இருக்கு, அதைப் போட்டு ப்ரொஃபைலரை அஞ்சு நிமிஷம் ஓட விட்டா எந்த மாட் எவ்வளவு டைம் தின்னுதுன்னு ஒரு லிங்க்ல காட்டிடும். எங்க சர்வர்ல ரெண்டு வாரமா புது பாஸ் மாட்தான் காரணம்னு திட்டிட்டு இருந்தோம், ஸ்பார்க் போட்டு பாத்தா மாட்டெல்லாம் இல்ல, ஒருத்தர் கோழிப் பண்ணையில 600 கோழி. அந்தக் கோழி நான் வளத்தது.

வியூ டிஸ்டன்ஸ் (எத்தனை சங்க் தூரம் தெரியணும்ங்கறது) டீஃபால்ட்டா 10. அதாவது ஒரு ஆளைச் சுத்தி 21-க்கு 21, 441 சங்க். 6-ஆ கொறைச்சா 169-தான். சிமுலேஷன் டிஸ்டன்ஸையும் (எத்தனை சங்க் தூரம் மிருகம், மெஷின் எல்லாம் இயங்கணும்ங்கறது) கொறைங்க, பெரிசா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. புது இடத்துக்குப் பறக்கும்போதுதான் லேக்னா அது உலகம் உருவாகுற லேக், சங்க்கி மாட் வச்சு முன்னாடியே ஒரு ராத்திரி ஓட விட்டு உருவாக்கி வச்சிடுங்க. ஆனா பயோம் (காடு, பாலைவனம் மாதிரி நிலவகை), கட்டடம் சேக்குற மாட் எல்லாத்தையும் முடிவு பண்ணின பிறகு, ஏன்னா அதுக்கப்புறம் போட்டா பழைய சங்க் அப்படியே இருக்கும், எல்லையில மலை கத்தியால வெட்டின மாதிரி நிக்கும்.

இன்னொண்ணு, "ஒரு டிக் 60 செகண்ட் எடுத்துச்சு"ன்னு சொல்லி சர்வர் தானா கிராஷ் ஆகும், அது வாட்ச்டாக், சர்வர் உறைஞ்சா நிறுத்துற காவல். உடனே சர்வர் ப்ராப்பர்டீஸ் ஃபைல்ல மேக்ஸ் டிக் டைமை மைனஸ் 1 ஆக்கிடுன்னு சொல்வாங்க. ஆக்கலாம், கிராஷ் நிக்கும், ஆனா எந்த மாட் தொங்க விடுதுன்னு சொல்ற ரிப்போர்ட்டும் போயிடும்.

இப்ப எனக்கே வயிறு எரிஞ்ச ஒண்ணு. ஒரு நாள் லாகின் சிக்கல், ஒருத்தரால உள்ள வர முடியல, சரின்னு சர்வர் ப்ராப்பர்டீஸ்ல ஆன்லைன் மோடை (அக்கவுண்ட் நிஜமான்னு சரிபாக்கற செட்டிங்) ஃபால்ஸ் ஆக்கினேன். அவர் வந்துட்டார். மத்தவங்களும் வந்தாங்க, எல்லாரும் வெறுங்கையோட ஸ்பான்ல (உலகத்துல முதல்ல வந்து இறங்குற இடம்) நிக்கிறாங்க, மூணு மாச சாமான் காணோம். நடந்தது என்னன்னா ஒவ்வொருத்தருக்கும் யூயூஐடினு ஒரு அடையாளம் இருக்கு, சாமான் எல்லாம் அந்தப் பேர்ல ப்ளேயர்டேட்டா ஃபோல்டர்ல சேவ் ஆகுது, ஆன்லைன் மோட் ஆஃப் ஆனா யூயூஐடி அக்கவுண்ட்லேருந்து வராம பேரை வச்சு உருவாகும், சர்வருக்கு நீங்க புது ஆள். பழைய ஃபைல் அழியல, திரும்ப ட்ரூ ஆக்கினா வந்துடும். அது தெரியாம நான் "ஃபோல்டரை க்ளீன் பண்றேன்"னு பழைய ஃபைலை எல்லாம் டெலீட் பண்ணி வச்சேன். அது போக ஆன்லைன் மோட் ஆஃப்ல இருந்தா யாரு வேணா உங்க பேரைப் போட்டு உள்ள வரலாம், அந்தப் பேருக்கு ஆப் (அட்மின்) பவர் இருந்தா அதோடயே.

பேக்கப் இருந்திருந்தா பத்து நிமிஷ வேலை. இருந்துச்சு, அதே டிஸ்க்ல, ரெண்டு மாசம் பழசு. சர்வர் ஓடும்போதே வேர்ல்ட் ஃபோல்டரை காப்பி பண்ணினா ஃபைல் பாதி எழுதினபடி வரலாம், சேவ் ஆஃப் குடுத்து, சேவ் ஆல் குடுத்து, காப்பி எடுத்துட்டு மறக்காம சேவ் ஆன் குடுங்க, இல்லன்னா சர்வரை நிறுத்திட்டு எடுங்க. நிறுத்தறதுன்னா ஸ்டாப்னு டைப் பண்றது, விண்டோவை மூடறது இல்ல. எடுத்த பேக்கப்பை ஒரு தடவை வேற மெஷின்ல திறந்து பாருங்க. மாட் ஒண்ணைத் தூக்கறதுக்கு முன்னாடி பேக்கப் கட்டாயம், தூக்கின மாட்டோட ப்ளாக் எல்லாம் அந்த சங்க் லோட் ஆனதும் காத்தாயிடும், சேவ் ஆயிடுச்சுன்னா மாட்டைத் திரும்பப் போட்டாலும் வராது.

செக்யூரிட்டியில ரொம்ப இழுக்க வேணாம். வைட்லிஸ்ட் (இதுல பேர் இருக்கறவங்க மட்டும்தான் உள்ள வரலாம்) ஆன், ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் ஆப் குடுக்காதீங்க, ரூட் யூசர்ல (மெஷின்ல முழு அதிகாரம் உள்ள அக்கவுண்ட்) ஓட்டாதீங்க, ஆர்கான் (தூரத்துலேருந்து சர்வருக்கு கமாண்ட் குடுக்கற வழி) போர்ட் 25575-ஐ வெளிய திறந்து வைக்காதீங்க, பாஸ்வேர்ட் என்க்ரிப்ட் ஆகாமத்தான் போகும். சின்ன சர்வரை யாரு தேடப் போறான்னு நினைக்கலாம், 2021 டிசம்பர்ல லாக்4ஷெல்ங்கற பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்போ சாட்ல ஒரு வரி டைப் பண்ணினாலே சர்வர் மெஷின்ல கோட் ஓட வைக்க முடிஞ்சுது, 1.18.1-லதான் சரி பண்ணினாங்க. பழைய வெர்ஷன் ஓட்டுறவங்க அதுக்கான ஃபிக்ஸ் வந்த லோடர் பில்ட் போட்டிருக்கமான்னு பாருங்க. 2023 ஜூன்ல மாட், ப்ளக்இன் டவுன்லோட் பண்ற கர்ஸ்ஃபோர்ஜ்லயும் பக்கிட் சைட்லயும் சில மாட்ல ஃப்ராக்சரைசர்ங்கற மால்வேர் நுழைஞ்சுது, பிரபலமான சைட்டுன்னாலும் புது அப்டேட்டை வந்த நிமிஷமே போடாம ரெண்டு நாள் விட்டுப் போடுங்க.

சின்னச் சின்னது ரெண்டு. ஜெட்பேக் மாட் போட்டு பறந்தா "ஃப்ளையிங் ஈஸ் நாட் எனேபிள்டு"னு கிக் ஆகுதா, அலவ் ஃப்ளைட்டை ட்ரூ ஆக்குங்க. கேம் வருது, சிம்பிள் வாய்ஸ் சாட்ங்கற பேசற மாட்ல குரல் மட்டும் வரலன்னா, கேம் போர்ட் 25565 டிசிபி, வாய்ஸுக்கு 24454 யூடிபி, அதைத் தனியா திறக்கணும். திறந்தும் வரலன்னா டிசிபி, யூடிபி மாத்திப் போட்டிருப்பீங்க, நான் ரெண்டு தடவை போட்டிருக்கேன்.