‘அலவுட்’ எங்கே, ‘லவுட்லி’ எங்கே?

வகுப்பில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் ஆங்கிலத்தில் “ப்ளீஸ் ஸ்பீக் அலவுட் (aloud)” என்று சொல்லிவிடுகிறோம். அங்கே வர வேண்டியது “ஸ்பீக் லவுடர்” அல்லது “ஸ்பீக் அப்”. தமிழில் ‘சத்தமாக’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்வதால் வரும் குழப்பம் இது.

‘அலவுட்’ என்பதற்கு நெருக்கமான தமிழ் ‘வாய்விட்டு’. வாய்விட்டுப் படிப்பது, வாய்விட்டுச் சிரிப்பது, வாய்விட்டு அழுவது எல்லாமே அலவுட்தான். குரல் வெளியே வந்தால் போதும், தணிந்திருந்தாலும் பரவாயில்லை. ‘லவுட்லி’ (loudly) ஒலியின் அளவைச் சொல்வது.

எதைப் போடுவது என்று சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லை யோசியுங்கள். ‘மனசுக்குள்’ என்று வந்தால் அலவுட். ‘மெதுவான குரலில்’ என்று வந்தால் லவுட்லி. நாய் குரைப்பதற்கும் கதவு அறைந்து சாத்துவதற்கும் மனசுக்குள் என்ற எதிர்நிலையே கிடையாது, அதனால் அங்கே லவுட்லி மட்டும்தான். ‘க்ரை அலவுட்’ போன்ற பழைய வழக்கில் உரக்க என்ற பொருளும் உண்டு. இன்றைய எழுத்தில் அதைப் பின்பற்ற வேண்டாம்.

சொல்லின் இடமும் முக்கியம். “ரீட் தி லெட்டர் அலவுட்” என்று செயப்படுபொருளுக்குப் பின்னால் வைப்பதே பாதுகாப்பு. ‘இட்’ வந்தால் “ரீட் இட் அலவுட்” மட்டுமே சரி. “ரீட் அலவுட் இட்” பிழை. செயப்படுபொருள் மிக நீளமாக இருந்தால் மட்டும் அதற்கு முன்னால் வரலாம். வாய்விட்டுச் சொன்னதில் கூடக்குறைய இல்லாததால் ‘வெரி’, ‘மோர்’ இரண்டும் இதனோடு ஒட்டாது. பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வராது: “அலவுட் வாய்ஸ்” தவறு, “லவுட் வாய்ஸ்” சரி.

‘அவுட் லவுட்’ இதே பொருள்தான், பேச்சுவழக்கில் அதிகம். சிரிப்புக்கு “லாஃப் அவுட் லவுட்” என்பதே இயல்பாக ஒலிக்கும். “திங்கிங் அலவுட்” என்பது அழகான பயன்பாடு: முடிவுக்கு வராத எண்ணத்தை அப்படியே பேசிப் பார்ப்பது. “ஐ ஆம் ஜஸ்ட் திங்கிங் அலவுட்” என்றால், இதை என் முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அர்த்தம்.

எழுதும்போது ‘அனுமதிக்கப்பட்ட’ என்று பொருள்படும் allowed என்ற சொல்லோடு ‘அலவுட்’ (aloud) கலந்துவிடும், இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே. அதில் இரண்டு எல், கடைசியில் ஈ, டி. நம் சொல்லில் ஒரே எல். ஏ என்ற எழுத்தை எடுத்துவிட்டால் மீதி ‘லவுட்’. எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் இதைத் தவறவிடலாம், இரண்டும் சரியான சொற்கள் அல்லவா!