கையெழுத்துப் போடுமுன்: வெளிநாட்டில் இறுதிச் சடங்குச் செலவு

ஊரில் சாவு விழுந்தால் ஆளுக்கொரு வேலையாகப் பிரிந்துகொள்ளும். இங்கே அத்தனையும் ஃப்யூனரல் டைரக்டர் என்ற, இறுதிச் சடங்கைக் கூலிக்கு நடத்தித் தரும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்கிறது.

காகித வேலை பெரிதல்ல. டாக்டர் சான்று, மரணப் பதிவு, தகனத்துக்கோ அடக்கத்துக்கோ அனுமதி. மருத்துவமனையே வழி சொல்லும். பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பதியுங்கள். ஒரு தாளில் இனிஷியல் விரிந்தும் இன்னொன்றில் சுருங்கியும் இருந்தால் இன்ஷூரன்ஸ் முதல் வங்கி வரை இழுத்தடிப்பார்கள். சான்றிதழின் அசல் பிரதிகள் ஐந்தாறு அப்போதே வாங்கிவிடுங்கள். திடீர் மரணமென்றால் பிரேதப் பரிசோதனை வரலாம். உடலைக் கொடுக்கும்வரை தேதி குறிக்காதீர்கள், யாருக்கும் டிக்கெட் போடாதீர்கள்.

பணம் போவது முதல் போன் அழைப்பில். பதற்றத்தில் யாரோ சொன்ன கம்பெனியைக் கூப்பிட, அவர்கள் வண்டியோடு வந்து உடலை எடுத்துப்போய்விடுவார்கள். அதற்குப் பிறகு விலை கேட்டு என்ன பயன்? வேறிடம் மாற்றினால் எடுத்த கூலி, குளிரறை வாடகை, மறுபடி வண்டி. மருத்துவமனையில் இறந்திருந்தால் உடல் அங்கேயே பிணவறையில் இருக்கட்டும். எத்தனை நாள் வைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு, அதற்குள் மூன்று இடத்தில் கோட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள்.

அந்தத் தாளில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று கம்பெனியின் சொந்தக் கூலி. மற்றது மயானத்துக்கும் மற்றவர்களுக்கும் அவர்கள் வாங்கிக் கட்டும் பணம். விளம்பரத்தில் கண்ணைப் பறிக்கும் ‘பேக்கேஜ்’ விலையில் இரண்டாவது கணக்கு பெரும்பாலும் இருக்காது. “எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டு, அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் கடனாளி. அண்ணன் தம்பி பங்கு போட்டுக்கொள்வதாகச் சொன்னது கம்பெனிக்குத் தெரியாது. இறந்தவர் கணக்கை வங்கி முடக்கியிருந்தாலும், சில நாடுகளில் இறுதிச் சடங்கு பில்லைக் காட்டினால் அதிலிருந்தே நேரடியாகக் கட்டுவார்கள். கைக்காசு போடுமுன் அதைக் கேளுங்கள்.

எதை வெட்டலாம்? எம்பாமிங்கை, அதாவது உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றுவதை. இரண்டு மூன்று நாளில் உள்ளூரிலேயே தகனம் என்றால் குளிரறையே போதும். தகனத்துக்கு ஆடம்பரப் பெட்டியும் வீண். எரியக்கூடிய மெல்லிய பலகையோ அட்டையோ பல இடங்களில் ஏற்கப்படும். வார நாளில் காலை முதல் நேரம் பல மயானங்களில் மலிவு. சடங்கே இல்லாத டைரக்ட் கிரிமேஷன் எல்லாவற்றிலும் குறைந்த செலவு. ஆனால் முகம் பார்க்க நேரம் தருவார்களா என்பதை முன்பே கேளுங்கள், பலர் தருவதில்லை. இறந்தவர் உடலில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால் மறைக்காதீர்கள்: தகன அறை 800 டிகிரியைத் தாண்டும், பேட்டரி வெடிக்கும், அதை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். நகைகளையும் பெட்டி மூடுமுன் ரசீதோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

உடலை ஊருக்கு அனுப்புவது தனிச் செலவு. அதில் எம்பாமிங், காற்றுப் புகாத உறையிட்ட பெட்டி, தூதரக ஒப்புதல், பாஸ்போர்ட் ரத்து, எடைக்கு ஏற்ற சரக்குக் கட்டணம் எல்லாம் சேரும். அஸ்தியாகக் கொண்டுபோனால் பெரியவர் ஒருவருக்கு இரண்டு மூன்று கிலோதான். உலோகக் கலசத்தை எக்ஸ்ரே ஊடுருவாது, பாதுகாப்பு வாசலில் நிறுத்திவிடுவார்கள். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ வாங்கி, தகனச் சான்றோடு கைப்பையில் வையுங்கள்.

தனக்கே ஏற்பாடு செய்பவர்கள், விருப்பத்தை உயிலுக்குள் பூட்டாதீர்கள். உயில் பிரிக்கும்போது சடங்கு முடிந்திருக்கும். ஒரு தாளில் எழுதி இருவரிடம் கொடுங்கள். முன்பணத் திட்டம் விற்க வந்தால் மூன்றே கேள்வி: பணம் யார் பெயரில், எங்கே இருக்கும்? மயானக் கட்டணம் உள்ளடங்கியதா? ஊர் திரும்பினால் எவ்வளவு கிடைக்கும்? பதில் எழுத்தில் வராவிட்டால், அந்தத் தொகையைத் துணைவருடன் கூட்டுக் கணக்கில் போட்டுவைப்பது மேல். அந்தக் கணக்கு ஒருவர் இறந்தபின்னும் முடங்காத வகைதானா என்று வங்கியில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.